தம்பி சறுக்கிய மலை

மொன்றியலுக்குப் போக விசா கிடைத்ததும் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அன்ரன் விழுந்த இடத்தை ஒருக்காப் பாத்திட்டு வா பிள்ளை. கல்லறையைப் படம் எடுத்து அனுப்பிப்போட்டினம். விழுந்த இடத்தை ஒருத்தரும் காட்டேல்ல."

அன்ரன் என் தம்பி. வீட்டில் கடைசிப் பிள்ளை. இளவயதில் மன்னாரிலிருந்து அகதியாகப் போய் மொன்றியலில் குடியேறியவன். அங்கே ஒரு அச்சகத்தில் வேலை செய்தான். போன மாசி மாதம், நகரத்துக்கு வடக்கே ஒரு மலையில் பனிச்சறுக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சடைத்து இறந்துபோனான். மன்னாரில் பிறந்தவன் பனியில் சறுக்கப் போய் இறந்தான் என்பதை ஊரில் பலரால் நம்ப முடியவில்லை. துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், "கடலிலயெண்டாலும் பரவாயில்லை" என்றார். என்ன நினைத்து அப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்றும் தெரியாது.

ஆண்டுத் திருப்பலிக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒருவராவது நிற்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தார். 2004ஆம் ஆண்டின் தொடக்கம். சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலம். நான் மன்னார் ஆஸ்பத்திரியில் தாதி. லீவு கிடைத்தது, புறப்பட்டேன்.

விமான நிலையத்தில் அன்ரனின் மனைவி ஜெசிந்தா, கையில் ஒரு தடித்த கறுப்புக் கோட்டை விரித்துப் பிடித்தபடி நின்றாள். கட்டிப்பிடிப்பதற்கு முன்பே அதை எனக்குப் போட்டுவிட்டாள். "முதல்ல இதைப் போடுங்கோ மச்சாள். அழுறதெண்டால் பேந்து வீட்டில போய் அழலாம்." அவளுக்குப் பக்கத்தில் மகள் மெலனி. அப்பனின் நெற்றி. பதினெட்டு வயது. "மாமி" என்று சொல்லிக்கொண்டு வந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் தந்தாள். அது அந்த ஊர்ப் பழக்கம்.

கதவு திறந்து வெளியே வந்ததும் குளிர் மூக்குக்குள் போய் முடியை ஒட்டவைத்தது. மூச்சு விடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். தெருவெல்லாம் வெள்ளையாக இருந்தது. பனி என்று நினைத்தால் பாதி உப்பு. பனி உருகுவதற்காக லொறியில் கொண்டுவந்து கொட்டுகிறார்களாம். எங்கள் ஊர் உப்பளத்தில் வெயிலில் நின்று வாரி எடுக்கிற பெண்களின் கை வெடித்திருப்பதை ஆஸ்பத்திரியில் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். இங்கே உப்பின்மேல் கார் ஓடுகிறது.

அவர்களுடைய வீடு நகரத்தின் வடக்கே, அஹுன்ட்சிக் பக்கத்தில், ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில். மாடிக்குப் போகும் இரும்புப் படி வீட்டுக்கு வெளியே, தெருவைப் பார்த்தபடி வளைந்து ஏறுகிறது. ஆறு மாதம் பனி பெய்கிற ஊரில் படியை வெளியே வைத்தவர் யார் என்று தெரியவில்லை. மெலனி என் முழங்கையைப் பிடித்து ஏற்றினாள்.

உள்ளே வெக்கை. புட்டும் கணவாய்க் கறியும் இருந்தது. நன்றாகச் சமைத்திருந்தாள். சாப்பிடும்போதுதான் கவனித்தேன்: தாயும் மகளும் என்னிடம் கதைக்கிறார்கள், ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை. "மாமிக்குத் தண்ணி வேணுமோ எண்டு கேள்" என்றாள் ஜெசிந்தா, என்னைப் பார்த்தபடி. மெலனி எழுந்து தண்ணீர் கொண்டுவந்தாள். கோபமான வீடு இல்லை. கதவு எதுவும் அடித்துச் சாத்தப்படவில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே அறையில் நிற்கும்போது ஒருவர் மெல்ல வெளியே போய்விடுவார்.

மறுநாள் ஜெசிந்தா வேலைக்குப் போனாள். சின்னப் பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பார்க்கும் ஒரு கார்டெரியில் அவளுக்குச் சமையல் வேலை. மெலனி எனக்குச் சப்பாத்து வாங்க மெட்ரோவில் கூட்டிக்கொண்டு போனாள். நிலத்துக்கு அடியில் ரயில் ரப்பர்ச் சில்லில் ஓடுகிறது, சத்தம் குறைவு. எதிரே இருந்த ஒரு வயதான வெள்ளைக்காரி என் காலைக் காட்டி மெலனியிடம் ஏதோ கண்டிப்பாகச் சொன்னாள். என்ன என்று கேட்டேன். "உன்ர மாமியை இந்தச் செருப்போட வெளியில கூட்டிக்கொண்டு வரலாமோ, விழுந்து இடுப்பு முறியப்போகுது எண்டு ஏசுறா." நான் அந்த அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினேன். அவள் திருப்திப்பட்டவள்போலத் திரும்பிக்கொண்டாள்.

சப்பாத்து வாங்கிய பிறகு ஒரு கடையில் கோப்பி குடித்தோம். நான் கேட்டேன்: "அம்மாவுக்கும் உனக்கும் என்ன?"

மெலனி கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள். பிறகு சொன்னாள். அவளுக்கு அழகான தமிழ். ஆனால் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைப்பாள்.

"அப்பா ஸ்கீ பழகினதே எனக்காகத்தான் மாமி. பள்ளிக்கூடத்தில எங்களைக் கூட்டிக்கொண்டு போறவை. அவர் துணைக்கு வந்து கீழ நிண்டு விறைச்சுப் போவார். பேந்து நிண்டு விறைக்கிறதை விடப் பழகலாம் எண்டு பழகினவர். அவர் ரெண்டு கட்டையில ஸ்கீ, நான் ஒற்றைப் பலகையில, போர்ட். வருஷத்தில ஏழெட்டுத் தரம் போவம். அண்டைக்குக் கடைசியா மேல ஏறினம். அவர் களைச்சிருந்தவர். நான் நிண்டனான். அவர் கையைக் காட்டி, 'நீ போ, நான் ஆறுதலா வாறன்' எண்டவர். நான் போயிட்டன். கீழ நிண்டு பாத்துக்கொண்டே இருந்தனான். அவர் வரேல்ல."

"பிறகு?"

"ஆஸ்பத்திரியில அம்மா என்னட்டைக் கேட்டவா, 'நீ ஏன் அவரை விட்டிட்டு வந்தனீ' எண்டு. நான் பதில் சொல்லேல்ல. அதுக்குப் பிறகு அவ கேக்கவே இல்லை."

"அப்பாதான் போகச் சொன்னவர் எண்டு சொல்லியிருக்கலாமே பிள்ளை."

"செத்தவரில பழியைப் போடுற மாதிரியெல்லோ. அதோட..." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப எனக்கே தெரியேல்ல மாமி. அவர் உண்மையாச் சொன்னவரோ, இல்லாட்டி நான் அப்பிடி நினைச்சு நினைச்சு அது ஞாபகமாப் போச்சுதோ எண்டு. முதல்ல அவற்ற முகம் தெரிஞ்சது. இப்ப கைதான் தெரியுது. கையுறை போட்ட கை."

நான் தாதி என்ற முறையில் சொல்லக்கூடியதைச் சொன்னேன். அப்படிப்பட்ட நெஞ்சடைப்புக்கு நீ பக்கத்தில் நின்றிருந்தாலும் பெரிதாக எதுவும் செய்திருக்க முடியாது என்றேன். உண்மைதான். ஆனால் இதே வசனத்தை ஆஸ்பத்திரி விறாந்தையில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். அவளும் ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி. தமிழருக்குப் பூசை நடக்கும் கோவில் நிறைய ஆட்கள். குருநகர், பேசாலை, இளவாலை என்று ஊர் சொல்லி வந்து கையைப் பிடித்தார்கள். பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் ரோல்சும் கேக்கும் தேத்தண்ணியும். அன்ரனோடு அச்சகத்தில் வேலை செய்தவர் ஒருவர், அவன் இரவு வேலையில் பாட்டுப் பாடுவான் என்று சொன்னார். பாடுவான் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அவன் பாடியதே இல்லை.

அந்த மேசையில்தான் நான் சொன்னேன், அந்த மலையைப் பார்க்க வேண்டும் என்று. அம்மா கேட்டுவிட்டார், பார்க்காமல் திரும்ப முடியாது என்று. பக்கத்தில் இருந்தவர்கள் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். அவள் பிளேட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் கூட்டிக்கொண்டு போறன் மாமி" என்றாள் மெலனி.

ஜெசிந்தா அடுக்கிய பிளேட்டுகளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள்.

அடுத்த நாள் காலை நானும் மெலனியும் படியிறங்கிக் காருக்குப் போனோம். அது அன்ரனின் பழைய கார். திறப்பைத் திருகினால் ஒரு முனகல், அவ்வளவுதான். இரவுக் குளிரில் பற்றரி செத்துவிட்டது. மெலனி போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். பைஜாமாவின் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார் ஒரு ஹெயிட்டிக்காரர். தன் காரைக் கிட்டக் கொண்டுவந்து, சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர்களை மாட்டி, எங்கள் கார் உறுமும்வரை நின்றார். மெலனி "மெர்சி" என்றதும், அவர் காரின் கூரையைத் தட்டி ஏதோ சொன்னார். "இந்தக் காரும் உன் அப்பாவை மாதிரித்தான், காலமை எழும்பாது" என்றாராம். அவள் அதைச் சிரித்துக்கொண்டு எனக்குச் சொன்னாள்.

அப்போது பின்கதவு திறந்தது. ஜெசிந்தா. கோட்டு, தொப்பி, கையில் ஒரு பெரிய சாப்பாட்டுப் பை. ஏறி இருந்து பெல்டைப் போட்டாள். "மீன் பணிஸ் கிடக்கு. அங்க எல்லாம் விலையாம்" என்றாள். மெலனி கண்ணாடியில் தாயைப் பார்த்தாள். காரை எடுத்தாள்.

பெருந்தெருவில் முன்னால் போகும் லொறிகள் உப்புச் சேற்றை வாரி எங்கள் கண்ணாடியில் அடித்தன. வைப்பர் போட்டால் இன்னும் மோசம், பால் பூசியதுபோல் ஆகிவிடும். கண்ணாடி கழுவும் நீலத் திரவம் பாதி வழியில் முடிந்துவிட்டது. மெலனி தலையைச் சரித்து, கண்ணாடியின் ஒரு மூலையில் மிஞ்சிய துவாரத்தால் பார்த்து ஓட்டினாள். நான் செபமாலையைப் பிடித்துக்கொண்டேன். "முன்னால ஒரு டெபனோர் இருக்கு, வலப்பக்கம்" என்றாள் ஜெசிந்தா பின்னாலிருந்து. மொன்றியலில் மூலைக்கடையை அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தக் காலையில் அவள் மகளுக்கு நேராகச் சொன்ன முதல் வசனம் அது.

கடையில் அந்த நீலத் தண்ணீரைப் பெரிய கலன்களில் வாசலில் அடுக்கி வைத்திருந்தார்கள். அது இல்லாமல் இங்கே மாரிகாலத்தில் ஒருவரும் வாழ முடியாது போலும்.

மலை நான் நினைத்ததைவிடச் சின்னது. நுவரெலியாவுக்குப் போனவர்கள் இதைக் குன்று என்றுதான் சொல்வார்கள். கறுப்புக் காட்டுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் பாதைகள் வெட்டி விட்டிருந்தார்கள். தலை வாரி வகிடு எடுத்ததுபோல. அந்த வகிடுகளில் சின்னச் சின்ன மனிதர்கள் வளைந்து வளைந்து வந்துகொண்டிருந்தார்கள். ஒரு பக்கத்தில், கம்பியில் தொங்கும் வாங்குகள் ஓயாமல் மேலே ஏறின. நாலு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற வாங்குகள். கால்கள் அந்தரத்தில் ஆடும். இதைத்தான் லிஃப்ட் என்கிறார்கள்.

மெலனி முதலுதவி அறைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தாள். மலையில் விழுந்தவர்களைத் தூக்கிவரும் தொண்டர்கள் இருக்கிறார்கள். அன்ரனை முதலில் கண்டவர் அவர்களில் ஒருவர்தான். அவர் இன்றைக்கும் வேலையில் நிற்கிறார், ஆனால் மத்தியானம்தான் கீழே வருவார் என்றார்களாம்.

அதுவரைக்கும் என்ன செய்வது? மெலனி என்னைப் பார்த்தாள். "மாமி, ஒருக்காப் போட்டுப் பாக்கிறீங்களோ?"

ஐம்பத்திரண்டு வயதில் நான் சறுக்குக் கட்டை மாட்டினேன். வாடகைக்கு எடுத்த சப்பாத்து இரும்புபோல இருந்தது, கணுக்கால் மடியாது. இரண்டு கட்டைகளில் காலைப் பூட்டியதும் நிற்கவே முடியவில்லை, நிலம் காலுக்குக் கீழிருந்து நழுவிக்கொண்டே போனது. பழகுகிறவர்களுக்கென்று ஒரு சின்னச் சரிவு. நாலு வயதுப் பிள்ளைகள் வாத்துக் குஞ்சுகள்போல வரிசையில் என்னைக் கடந்து போனார்கள். "முன் நுனியைச் சேத்து, பின்னுக்கு அகட்டுங்கோ, பீட்சாத் துண்டு மாதிரி" என்றாள் மெலனி. செய்தேன். கட்டைகள் பேச்சுக் கேட்கவில்லை. கொஞ்சத் தூரம் போனேன். காற்று முகத்தில் பட்டது. ஒன்றும் செய்யாமலே உடம்பு போய்க்கொண்டிருந்தது. பயமாகவும் இருந்தது, விட மனமில்லாமலும் இருந்தது. பிறகு ஒரு சிவப்பு வலைக்குள் போய் விழுந்தேன்.

எழும்ப முடியாமல் கிடந்தபோது அன்ரனை நினைத்தேன். நாற்பது வயதில் இப்படித்தான் விழுந்து விழுந்து எழும்பியிருப்பான், மகள் பார்த்துக்கொண்டிருக்க. இவ்வளவு நாளும் அவன் இறந்த இடம் என்றுதான் இதை நினைத்திருந்தேன். அவனுக்கு இங்கே சந்தோஷமும் இருந்திருக்கிறது.

ஜெசிந்தா சாப்பாட்டு மண்டபத்தின் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனதும் என் முதுகுப் பனியைத் தட்டிவிட்டாள். "நீங்கள் பரவாயில்லை மச்சாள். அவர் முதல் நாள் வேலிக்கட்டையில போய் மோதி அதை முறிச்சவராம்." அவனைப் பற்றி அவள் என்னிடம் சொன்ன முதல் கதை அது.

மண்டபத்தில் நீள மேசைகள். குடும்பம் குடும்பமாகச் சாப்பாடு கொண்டுவந்து விரித்திருந்தார்கள். சப்பாத்துகளும் நனைந்த கையுறைகளும் சேர்ந்து ஈர நாய் மணம். சிலர் பொரித்த உருளைக்கிழங்கின்மேல் சீஸ் கட்டிகளைப் போட்டு மண்ணிறக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார்கள். பூட்டின் என்று பெயர். மெலனி எனக்கு ஒன்று வாங்கித் தந்தாள். குளிருக்கு நல்லதுதான், ஒரு தரத்துக்குப் போதும்.

நாங்கள் மீன் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். சிவப்புச் சட்டை, முதுகில் வெள்ளைச் சிலுவை. மீசையில் பனி உருகிச் சொட்டியது. லூக் என்று பெயர் சொன்னார். தபால்காரராக வேலை செய்து ஓய்வு பெற்றவர், மாரியில் இங்கே சும்மா வந்து தொண்டு செய்கிறவர். தலைக்கவசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். ஜெசிந்தா ஒரு பணிஸை எடுத்து அவருக்குக் கொடுத்தாள். அவர் நின்றபடியே முழுவதையும் சாப்பிட்டார். உறைப்பில் கண் கலங்கியது. தண்ணீர் குடித்துவிட்டு, கட்டை மாட்டாதவர்களை லிஃப்டில் ஏற்ற மாட்டார்கள், ஆனால் தான் கேட்டால் விடுவார்கள் என்றாராம். அந்த இடம் மேலே இறங்கியதும் கிட்டத்தான்.

நாலு பேரும் போனோம். லிஃப்ட்காரப் பெடியன் ஓட்டத்தைக் குறைத்தான். வாங்கு பின்னால் வந்து முழங்காலில் தட்ட, இருந்தோம். ஒரு கரையில் லூக், பிறகு ஜெசிந்தா, நான், மற்றக் கரையில் மெலனி. ஒரு கம்பி மடிமேல் இறங்கியது. நிலம் விலகியது. மரங்களின் உச்சி எங்கள் காலுக்குக் கீழே வந்தது. சத்தமே இல்லை, கம்பி தூண்களைக் கடக்கும்போது வரும் கடகடப்பைத் தவிர.

பாதி வழியில் லிஃப்ட் நின்றுவிட்டது. வாங்கு முன்னும் பின்னும் ஆடியது. கீழே யாரோ பிள்ளை ஏறும்போது விழுந்திருக்கும், அடிக்கடி நடக்கிறதுதான் என்றாராம் லூக். காற்று அடித்தது. ஜெசிந்தா கம்பியை இறுக்கிப் பிடித்தாள். பிறகு, முன்னால் பார்த்தபடியே, அவரிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். வேலையிடத்தில் பழகிய பிரெஞ்சு, நிதானமாகக் கதைப்பாள். அவர் சொல்லத் தொடங்கினார்.

எனக்குப் புரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு மெலனி என் காதுக்குக் கிட்ட வந்து தமிழில் சொன்னாள். அவர் ஒரு வசனம் சொல்வார், ஜெசிந்தா கேட்பாள், கொஞ்சம் பிந்தி அது மெலனியின் குரலில் எனக்கு வரும்.

"அம்மா கேட்டவா, அவர் தனிய விழுந்து கிடந்தவரோ எண்டு... இவர் சொல்லுறார், விழேல்லையாம். பாதைக் கரையில, மரத்துக்குக் கிட்ட, இருந்தவராம். தன்ர ஸ்கீ ரெண்டையும் கழட்டி, தனக்கு மேல் பக்கத்தில பனியில குத்தி வச்சிருந்தவராம், சிலுவை மாதிரி. அப்பிடி வச்சால் இதில ஆருக்கோ ஏலாது, மோதாதேங்கோ எண்டு அர்த்தம். அதைக் கண்டுதான் இவர் நிண்டவராம்."

லூக் கையுறையைக் கழற்றி மீசையைத் துடைத்தார். தொடர்ந்தார்.

"முழங்காலோ எண்டு கேட்டாராம். இல்லை, நெஞ்சு எண்டவராம் அப்பா. நல்ல தெளிவாக் கதைச்சவராம். இவர் ரேடியோவில ஆக்களைக் கூப்பிட்டுப்போட்டு, பக்கத்தில இருந்து கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தவராம். ஆக்கள் வரும் மட்டும் விடேல்லையாம்... தனிய வந்தனீரோ எண்டு கேட்டவராம். அப்பா, மகள் கீழ நிக்கிறா, அவவுக்குக் குளிருதோ தெரியாது எண்டு..."

அடுத்த வசனத்தை லூக் மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு, இன்னொரு தரமும் அதையே சொன்னார். மெலனி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. நான் காத்திருந்தேன். அவள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். 

ஜெசிந்தாதான் சொன்னாள். முன்னால் பார்த்தபடி, என்னிடம், ஆனால் மற்றக் கரைக்கும் கேட்கும்படியாக.

"'அவள் எனக்காக நிக்கத்தான் பாத்தவள். நான்தான் போகச் சொன்னனான்.' அப்பிடிச் சொன்னவராம் மச்சாள். ரெண்டு தரம் சொன்னவராம். ரெண்டாந்தரம் இவற்ற சட்டைக் கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னவராம். 'நான்தான் அவளைப் போகச் சொன்னனான்.'"

காற்று வாங்கை ஆட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு குலுக்கலோடு லிஃப்ட் ஓடத் தொடங்கியது.

மேலே இறங்கி, லூக்கின் பின்னால் பாதைக் கரையோரம் நடந்தோம். முதல் வளைவில் அவர் நின்று, தன் ஊன்றுகோலால் ஒரு இடத்தைக் காட்டினார். அங்கே ஒன்றுமே இல்லை. மிதிபட்ட பனி, இரண்டு ஊசியிலை மரம், தூரத்தில் உறைந்த ஒரு ஏரி. ஒருவர் களைத்துப்போனால் இருக்கக்கூடிய இடம்தான். ஆட்கள் எங்களைக் கடந்து சறுக்கிக்கொண்டே போனார்கள், பனியைக் கீறும் அந்தச் சத்தத்தோடு.

"இதிலயோ?" என்றாள் ஜெசிந்தா, அந்த இடத்தைத் தொட்டுக் காட்டி.

லூக் தலையாட்டினார்.

அவள் பையிலிருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்தாள். காற்றில் அது பற்றவில்லை. இரண்டு மூன்று தரம் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். "பரலோகத்தில் இருக்கிற" என்று நான் செபத்தைத் தொடங்கினேன். மூன்று பேரும் சொல்லி முடித்தோம். லூக் கவசத்தைக் கழற்றி நின்றார். சொல்லும்போது உதடு விறைத்துச் சொற்கள் குழறின. அம்மாவுக்குச் சொல்வதற்காக நான் எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டேன்: அவன் விழவில்லை, இருந்தான். பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏரி தெரியும்.

முடிந்ததும் ஜெசிந்தா மகளுக்கு முன்னால் போய் நின்றாள். மெலனியின் கழுத்துச் சால்வை கழன்று தொங்கியது. அதை எடுத்து, சுற்றி, இறுக்கிக் கட்டி, நுனியைக் கோட்டுக்குள் செருகினாள். கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. மெலனி தலையைக் குனிந்து அந்தக் கையில் முகத்தை வைத்தாள்.

லூக்கிடம் ஜெசிந்தா "மெர்சி" என்றாள். அவர், உங்களுக்கு இதைச் சொல்ல ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன், எங்கே தேடுவது என்று தெரியவில்லை என்றாராம். எங்களைத் திரும்ப லிஃப்டில் ஏற்றிவிட்டு, தன் கட்டைகளில் சறுக்கி, வளைவில் மறைந்தார்.

கீழே வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ஆட்கள் சிலர் கார்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நானும் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். கால்விரல்களில் உணர்வு இல்லை. ஜெசிந்தா மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எத்தினை மணி மட்டும் இதை ஓட விடுவினம்?"

"நாலு மணி" என்றாள் மெலனி. "ஏன்?"

"நீ ஒருக்காப் போட்டு வா."

மெலனி தாயைப் பார்த்தாள். "என்ர போர்டைத்தான் நீங்கள் கோவில் விற்பனைக்குக் குடுத்திட்டீங்களே அம்மா."

"ஓம். குடுத்தனான்." ஜெசிந்தா வாடகைக் கடைப்பக்கம் பார்த்தாள். "மாமிக்கு வாடகைக்கு எடுத்தனீதானே. உனக்கும் எடு."

மெலனி இன்னும் நின்றாள். பிறகு கடைப்பக்கம் நடந்தாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பலகை, தலையில் கவசமும் பனிக்கண்ணாடியும். பனியில் இருந்து இடது காலை அதில் பூட்டினாள், வலது காலால் உந்திக்கொண்டு லிஃப்ட் வரிசைக்குப் போனாள். ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். ஜெசிந்தா கையைக் காட்டினாள், போ என்று. மெலனி தனியாக ஒரு வாங்கில் ஏறி, சின்னதாகி, மரங்களுக்கு மேலே போய்விட்டாள்.

"உள்ள போய் இருப்பம் ஜெசிந்தா. கண்ணாடியால பாக்கலாம்" என்றேன்.

"நீங்கள் போங்கோ மச்சாள். நான் இதில நிக்கிறன்."

நானும் நின்றேன். பாதை வந்து முடிகிற இடத்தில், கயிறு கட்டிய வேலிக்குப் பக்கத்தில். மெலனி போன வருடம் எந்த இடத்தில் காத்துக்கொண்டு நின்றாளோ எனக்குத் தெரியாது. இந்த மலையில் காத்திருக்கிறவர்கள் எல்லாரும் நிற்கிற இடம் இதுதான். மேலே வளைவில் ஒரு உருவம் தோன்றும். ஜெசிந்தா ஒரு அடி முன்னால் வைப்பாள். கிட்ட வந்தால் யாரோ ஒரு வெள்ளைக்காரன். அடுத்தது. அதுவும் இல்லை. எல்லாரும் கறுப்புக் கோட்டு, எல்லாருக்கும் கவசம், முகமே தெரியாது. பலகையில் வந்த ஒரு பெண்ணைப் பார்த்து ஜெசிந்தா கையை உயர்த்தினாள். அந்தப் பெண் எங்களைக் கடந்து போய்விட்டாள்.

நேரம் போனது. ஒரு தரம் ஏறி இறங்க இவ்வளவு நேரமா என்று நான் கேட்கவில்லை. ஜெசிந்தாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, குளிரிலோ என்னவோ, அவள் துடைக்கவில்லை. "இப்பிடித்தானே நிண்டிருப்பாள்" என்றாள் ஒரு தரம். "ஒருத்தரும் பக்கத்தில இல்லாமல்."

பிறகு வளைவில் ஒருத்தி வந்தாள். அவசரமில்லாமல், பாதையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு, இந்தக் கரைக்குச் சாய்ந்து, அந்தக் கரைக்குச் சாய்ந்து. பலகையின் விளிம்பிலிருந்து பனி தூளாகப் பறந்தது. சறுக்கு என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் விழுவது என்றுதான் பொருள். நான் பார்த்தது வேறு. இது என் தம்பியின் பிள்ளை என்று எனக்குத் தெரிந்தது. கிட்ட வந்து பலகையைக் குறுக்கே திருப்பி நிறுத்தினாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். முகம் சிவந்திருந்தது. மூச்சு வாங்கியது.

"மேல அந்த இடத்தில கொஞ்சம் இருந்திட்டு வந்தனான்" என்றாள். "பயந்திட்டீங்களோ?"

"ஓம்" என்றாள் ஜெசிந்தா.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். லிஃப்ட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வரிசையில் ஆள் குறைவு. ஜெசிந்தா அங்கே பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள்.

"நேரம் கிடக்கு. இன்னொருக்காப் போறியோ?"

"நீங்கள் விறைச்சுப்போவீங்கள் அம்மா."

"பரவாயில்லை. நான் நிக்கிறன்."

மெலனி கண்ணாடியை இறக்கிக்கொண்டு, லிஃப்ட் பக்கமாக உந்திப் போனாள்.